பங்காளி மறைந்தால் வாணிபமும் மறைவதா?

அண்மைக் காலமாக நம் சமுதாய மேடைகளில் இரண்டு குரல்கள் ஓயாமல் ஒலிக்கின்றன. ஒன்று, கல்லூரிப் படிப்பு முடித்த இளைஞர் சிலரின் குரல். "முஸ்லிம் நாடுகள் பொருளாதாரத்தில் பின்தங்கியதற்கு ஷரீஅத்துச் சட்டமே காரணம், அது வாணிபத்தை வளரவிடாத சட்டம்" என்பது அவர்தம் தீர்ப்பு. மற்றொன்று, நம்மைப் போல் மதரஸாவில் ஓதி வெளிவந்தோர் சிலரின் குரல். "கம்பெனி என்பதும் பங்குப் பத்திரம் என்பதும் பரங்கியர் கொண்டுவந்த ஏற்பாடு, ஈமான் உள்ள நமக்கு நம்பிக்கையே போதும், பதிவும் தணிக்கையும் எதற்கு?" என்பது இவர்தம் வினா. முதல் குரலுக்குக் கைதட்டல் கிடைக்கிறது. இரண்டாம் குரலுக்குத் தக்பீர் முழக்கம் கிடைக்கிறது. நாம் இரண்டையும் மறுக்கிறோம்.

முதல் குரல் நம் முன்னோரின் அறிவை அறியாத குரல். இரண்டாம் குரல் நம் மக்களின் பணத்தைக் காவாத குரல். இரண்டும் சேர்ந்து, உண்மை எங்கே இருக்கிறதோ அந்த இடத்தை மறைத்து நிற்கின்றன.

உண்மை யாதெனில், செல்வம் பெருக இரண்டு வேண்டும். கொடுத்த வாக்கு, கொடுத்தவன் இறந்த பின்னும் நிற்கவேண்டும். அந்த வாக்கை ஆள்பவனும் முறிக்க இயலாதிருக்கவேண்டும். முதலாவதை இக்காலத்தில் தருவது கம்பெனிச் சட்டம். இரண்டாவதைத் தருவது, ஆள்பவனையும் கட்டுப்படுத்தும் அரசியலமைப்பு. ஒன்று இருந்து மற்றது இல்லாத இடத்தில் செல்வம் முளைக்கும், மரமாகாது. இதை வரலாற்றைக் கொண்டே நிறுவுவோம்.

நம் கையில் இருந்தது

திருமறையின் மிக நீண்ட வசனம் எது என்று நம் குழந்தைகளைக் கேட்டால், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் என்று சொல்வர். அது எதைப் பற்றியது என்று கேட்டால், பெரியவர்களே தயங்குவர். அது கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதுபவன் நீதியோடு எழுதவேண்டும், சாட்சிகள் வேண்டும், சிறு தொகையாயினும் பெருந்தொகையாயினும் எழுதச் சோம்பலாகாது என்று அது பணிக்கிறது. நம்பிக்கை இருந்தால் எழுத்து எதற்கு என்று கேட்போர், இவ்வசனத்தை எந்த முகத்தோடு ஓதுகின்றனரோ, நாமறியோம்.

ஒருவர் முதல் போட, மற்றொருவர் உழைக்க, இலாபத்தை இருவரும் பேசிய விகிதத்தில் பகிர்ந்துகொள்ளும் முளாரபா என்னும் கூட்டு முறை நம் ஃபிக்ஹு நூல்களில் விரிவாகப் பேசப்பட்டது. நபித்துவத்திற்கு முன்னர், அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்கைப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஷாமுக்குக் கொண்டு சென்றது இத்தகைய கூட்டிற்கு நாம் அனைவரும் அறிந்த சான்று. பதினோராம் நூற்றாண்டில் இமாம் ஸரக்ஸீ தம் மப்ஸூத் நூலில் கூட்டு வாணிபத்தின் வகைகளையும் கிளைகளையும் வகுத்துரைத்தார்கள். முளாரபாவில் நட்டம் வந்தால் முதல் போட்டவருக்கு முதல் போகும். உழைத்தவருக்கு உழைப்புப் போகும். முதல் போட்டவர் தாம் போட்டதற்கு மேல், தம் அனுமதியின்றி வாங்கிய கடனுக்காக, வீட்டையும் நிலத்தையும் இழக்கவேண்டியதில்லை. 'லிமிடெட்' என்று இன்று கம்பெனியின் பெயருக்குப் பின்னே எழுதுகிறார்களே, அந்தக் கருத்தின் வித்து இங்கே இருக்கிறது. இத்தாலியத் துறைமுக வணிகர் இடைக்காலத்தில் கையாண்ட கடல் வாணிபக் கூட்டும் ஏறத்தாழ இதே வடிவினதே. வாணிபத்தை வளரவிடாத சட்டம் என்று ஷரீஅத்தைப் பழிப்போர், பத்து நூற்றாண்டுகளுக்கு முன்னர் இந்துமாக் கடலிலும் மத்தியதரைக் கடலிலும் ஓடிய சரக்குக் கப்பல்கள் எந்தச் சட்டத்தை நம்பி ஓடின என்பதைச் சொல்லட்டும்.

நம் கையில் இல்லாதது

இனி நாம் நம் பக்கத்துக் குறையையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். கூட்டாளி ஒருவர் இறந்தால் கூட்டு முறிந்தது என்பது ஃபிக்ஹின் பொது விதி. நம் மாநிலத்தில் ஹனஃபிகளும் இருக்கின்றனர், ஷாஃபிஈகளும் இருக்கின்றனர். இவ்விதியில் இரு மத்ஹபும் ஒன்றே. கூட்டு என்பது இரு மனிதரின் இசைவு. மனிதர் மறைந்தால் இசைவும் மறையும் என்பது அதன் தருக்கம். மூவர், நால்வர் சேர்ந்து ஒரு பயணத்திற்குச் சரக்கு ஏற்றிய காலத்திற்கு அது போதுமாயிருந்தது. ஆயிரம் பேர் சேர்ந்து முப்பது ஆண்டுகள் நடத்தவேண்டிய இரயில் பாதைக்கும் ஆலைக்கும் அது போதாது. ஆயிரம் பேரில் ஆண்டுதோறும் சிலர் இறக்கத்தானே செய்வர்?

இந்தக் குறைக்குக் காரணம் நம் வாரிசுரிமைச் சட்டமே என்று சிலர் எழுதுகின்றனர். சொத்து பல பங்காகச் சிதறுவதால் முதல் திரளவில்லையாம். இது பாதி உண்மை. ஆகவே முழுப் பொய்யைவிடக் கேடானது. ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ஒருவர் மனைவி, இரு மகன்கள், ஒரு மகள் ஆகியோரை விட்டு இறக்கிறார். அவருடைய சொத்து ஒரு மரக்கலத்தில் கூட்டாளிகளோடு கலந்த முதல் என்றால், கூட்டு முறிந்து, கலம் விற்கப்பட்டு, காசு பிரிக்கப்படவேண்டும். அதே சொத்து ஒரு கம்பெனியில் 240 பங்குகள் என்றால், மனைவிக்கு எட்டில் ஒன்றாக 30, மகன்களுக்கு 84 வீதம், மகளுக்கு 42 எனப் பங்குகள் பிரியும். கலம் தன் பாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். அல்லாஹ் விதித்த பங்கீட்டில் ஒரு புள்ளியும் பிசகவில்லை. ஆகவே குறை வாரிசுரிமையில் இல்லை. பிரிக்கத்தக்க பங்கு, பிரியாத நிறுவனம் என்ற ஏற்பாடு இல்லாமையில் இருந்தது. கம்பெனி என்பது ஃபராயிளுக்குப் பகை அன்று. அதற்கு வாய்த்த துணை என்பதே நம் கருத்து.

அந்த ஏற்பாட்டின் உயிர், கம்பெனியைச் சட்டத்தின் பார்வையில் ஓர் ஆளாகக் கொள்வது. இக்கால அறபு அறிஞர் இதை ஷக்ஸிய்யா இஃதிபாரிய்யா என்பர். 1896இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்த ஒரு வழக்கு இதைத் தெளிவாக்கும். தோற்காலணி செய்து விற்ற சாலமன் என்பவர் தம் தொழிலை ஒரு கம்பெனியாக்கினார். பங்குகளில் ஏறத்தாழ எல்லாம் அவருடையவை. கம்பெனி நொடித்தபோது, கம்பெனி வேறு, சாலமன் வேறு; அதன் கடனுக்கு அவர் ஆளல்லர் என்று தீர்ப்பாயிற்று. உடலற்ற ஒன்றுக்குச் சொத்தும் கடனும் உண்டா என்று நம் உலமாக்கள் சிலர் வியக்கின்றனர். ஷாஃபிஈ மாணவர் ஓதும் மின்ஹாஜிலேயே, பள்ளிவாசலுக்கு வஸிய்யத் செய்தால் அது செல்லும் என்று இமாம் நவவீ எழுதியுள்ளார்கள். பள்ளிவாசலுக்கு ஏது கையும் வாயும்? வக்ஃபும் பைத்துல்மாலும் தலைமுறை தாண்டிச் சொத்தாளவில்லையா? விதை நம் தோட்டத்திலேயே கிடந்தது. அதை வாணிப நிலத்தில் ஊன்றாதது மார்க்கத்தின் குற்றமன்று. ஊன்றத் துணியாத நம் குற்றம். ஏன் துணியவில்லை என்பதே அடுத்த வினா.

ஆள்பவனின் கை

1377இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன் இதற்கு விடை கூறிவிட்டார்கள். மக்களின் பொருளில் அரசன் அநியாயமாகக் கைவைத்தால், பொருள் தேடும் ஊக்கமே மக்களிடம் அற்றுப்போகும். ஊக்கம் அற்றால் சந்தை அடங்கும். சந்தை அடங்கினால் நாடு பாழாகும். நாடு பாழானால் அரசனின் வருவாயும் போகும் என்பது அவர்களின் வாதம். அரசன் தானே வணிகனாவது குடிகளுக்குக் கேடு என்றும் தனியே ஓர் இயலில் எச்சரித்தார்கள். அது புதுக் கருத்தன்று. கலீஃபாப் பொறுப்பேற்ற பின்னும் அபூபக்ர் (ரலி) அவர்கள் துணி மூட்டையோடு கடைவீதிக்குப் புறப்பட்டதையும், தோழர்கள் தடுத்து பைத்துல்மாலிலிருந்து வாழ்க்கைப் படி வகுத்ததையும் நாம் மீலாது மேடைகளில் சொல்லிக் கண்ணீர் விடுகிறோம். அதன் சட்டப் பொருளைத்தான் சொல்வதில்லை. ஆள்பவன் வணிகம் செய்யலாகாது. ஆள்பவனின் ஊதியம் பிறரால் வகுக்கப்படவேண்டும் என்பதே அது.

பின்வந்த சுல்தான்கள் இதை மறந்தனர். உதுமானியப் பேரரசில் முஸாதரா என்னும் பறிமுதல் முறை இருந்தது. பதவியில் இருந்தவர் வீழ்ந்தாலும் இறந்தாலும் அவர் திரட்டிய பொருள் அரண்மனைக் கருவூலத்துக்குப் போகும். இத்தகைய நாட்டில் செல்வர் என்ன செய்வர்? அரசன் கைவைக்கக் கூசும் ஓர் இடத்தைத் தேடுவர். அவ்விடம் வக்ஃபு. பொருளை வக்ஃபு ஆக்கி, தம் மக்களை முத்தவல்லிகளாக்கினர். பள்ளிவாசலும் மதரஸாவும் நீரூற்றும் எழுந்தன, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வக்ஃபு செய்த பொருள் செய்தவர் வகுத்த செலவிலேயே நிற்கும்; புதுத் தொழிலுக்குத் தடம் மாறாது. அச்சம் வாணிப முதலைக் கல்லாக்கியது என்றால் மிகையன்று.

இதே நோய் இங்கிலாந்திலும் இருந்தது. 1672இல் இரண்டாம் சார்லஸ் மன்னன் கருவூலத்தை மூடி, தனக்குக் கடன் தந்த பொன் வணிகரைக் கைவிட்டான். ஆயின் அந்நாட்டார் நோய்க்கு மருந்து கண்டனர். 1688இல் அரசனை மாற்றினர். 1689இன் உரிமைச் சட்டப்படி, பாராளுமன்றத்தின் இசைவின்றி அரசன் வரி வாங்க முடியாதாயிற்று. 1701இன் சட்டப்படி, நீதிபதிகளை அரசன் தன் விருப்பம்போல் விலக்க முடியாதாயிற்று. விளைவு யாது? 1694இல் இங்கிலாந்து வங்கி தொடங்கப்பட்டபோது அரசு 12 இலட்சம் பவுனை 8 சதவீதத்துக்குக் கடன் வாங்கியது. 1751 அளவில் அதே அரசின் கடன் பத்திரங்கள் 3 சதவீதத்தில் நின்றன. வட்டி ஹராம் என்பதில் நமக்கு ஐயமில்லை. இங்கே அதை நோயாளியின் காய்ச்சலை அளக்கும் கருவியாக மட்டுமே எடுத்துக் காட்டுகிறோம். ஆள்பவன் வாக்கு மாறமாட்டான் என்ற நம்பிக்கை ஏற ஏற, அச்சத்தின் விலை இறங்கிற்று.

ஆங்கிலேயர் கம்பெனிச் சட்டத்தோடு பிறந்தவரும் அல்லர். 1720இல் அவர்களே பொதுமக்கள் கம்பெனி தொடங்குவதைச் சட்டத்தால் ஒடுக்கினர். 1825இல்தான் அதை நீக்கினர். வேண்டுவோர் எவரும் பதிவு செய்து கம்பெனி தொடங்கலாம் என்றது 1844இன் சட்டம். பங்குதாரரின் பொறுப்புக்கு வரம்பிட்டது 1855இன் சட்டம். அரசனுக்குக் கடிவாளம் முன்னே வந்தது. கம்பெனிக்குக் கதவு பின்னே திறந்தது. இந்த வரிசையை நினைவிற் கொள்க.

உதுமானியர் வரிசையைத் தலைகீழாக்கினர். 1839இல் குல்ஹானே பிரகடனத்தால் உயிருக்கும் பொருளுக்கும் காப்பு அளிப்பதாக சுல்தான் வாக்களித்தார்; நன்று. 1850இல் பிரெஞ்சுச் சட்டத்தைத் தழுவிய வணிகச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே பாஸ்பரஸ் நீரிணையில் படகு விட 'ஷிர்கெத்தே ஹைரிய்யே' என்னும் பங்குக் கம்பெனி எழுந்தது. கலீஃபாவின் தலைநகரில் ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்னரே ஏற்கப்பட்ட ஒன்றை இன்று பரங்கியர் பழக்கம் என்று தள்ளுவோர் இதைக் கவனிப்பாராக. ஆயினும், அரசின் வரவு செலவைக் கேட்க மக்கள் மன்றம் இல்லை. கேட்பாரற்று வாங்கிய வெளிநாட்டுக் கடன் 1875இல் பேரரசைத் திவாலாக்கிற்று. 1876இல் அரசியலமைப்பு வந்தது. 1878இல் பாராளுமன்றம் மூடப்பட்டது. முப்பது ஆண்டுகள் திறக்கவே இல்லை. 1881இல் கடன் கொடுத்த ஐரோப்பியரின் குழு இஸ்தான்பூலில் அமர்ந்து பேரரசின் வருவாயில் ஒரு பகுதியைத் தானே தண்டத் தொடங்கியது. தன் மக்களுக்குக் கணக்குச் சொல்ல மறுத்த அரசு, அந்நியனுக்குக் கணக்குச் சொல்ல நேர்ந்தது. இதைவிடக் கசப்பான பாடம் வேறுண்டோ?

நம் கரையில் நடந்தது

கடிவாளமில்லாக் கம்பெனி என்ன செய்யும் என்பதை நம் நாட்டைவிட அறிந்த நாடில்லை. 1600இன் கடைசி நாளில் இலண்டனில் சாசனம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, தன் நாட்டில் சட்டத்திற்கு அடங்கிய வணிகன். இங்கே சட்டத்திற்கு மேலான அரசன். 1765இல் வங்காளத்தின் வரி தண்டும் உரிமை அதன் கைக்கு வந்தது. ஐந்தே ஆண்டுகளில், 1770இல், வங்காளம் பெரும்பஞ்சத்தில் வீழ்ந்தது. வரி தண்டுவது நிற்கவில்லை. வணிகனும் அரசனும் ஒருவனானால் என்ன ஆகும் என்று இப்னு கல்தூன் எழுதினார்களோ, அது அப்படியே நடந்தது. அதன் சொந்த நாட்டுப் பாராளுமன்றமே 1773இல் ஒழுங்குச் சட்டம் இயற்றி அதைக் கட்ட முனையவேண்டியதாயிற்று.

காயல்பட்டினம், கீழக்கரை, பரங்கிப்பேட்டை, நாகூர்க் கரைகளிலிருந்து கடலோடிய நம் மரக்காயர் வணிகர் திறமையற்றவரா? வள்ளல் சீதக்காதி வாழ்ந்த 17ஆம் நூற்றாண்டின் வாணிபப் பெருமை பேசாத ஊருண்டா? பினாங்கில் இன்றும் நிற்கும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அந்தக் கடலோடிகளின் கைவண்ணமே. ஆனால் அவர்தம் வாணிபம் குடும்பத்தில் பிறந்து குடும்பத்தில் முடிந்தது. எதிரே நின்றதோ, இயக்குநர் இறந்தாலும் இறவாத கம்பெனி. அதற்குப் பின்னே பீரங்கி. தனி மனிதனின் ஆயுளும் நிறுவனத்தின் ஆயுளும் போட்டியிட்டால் வெல்வது எது என்று சொல்லவும் வேண்டுமோ?

பாடம் கற்ற ஒரு தமிழரும் இருந்தார். 1906 அக்டோபர் 16 அன்று தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனார் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். வெள்ளையர் இயற்றிய 1882ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தையே ஆயுதமாகக் கொண்டார். முதல் 10 இலட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அவற்றுள் 8,000 பங்குகளை, அதாவது 2 இலட்சம் ரூபாய்க்கு, வாங்கிக் கைகொடுத்தவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்பதை நம் பிள்ளைகள் எத்தனை பேர் அறிவர்? மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜியார் பெரும் பங்குதாரர். மதம் கடந்து முதலைத் திரட்டும் ஆற்றல் கம்பெனி முறைக்கு உண்டு என்பதற்கு இதைவிட அழகிய சான்று நம் மண்ணில் இல்லை.

அது ஏன் வீழ்ந்தது? போட்டிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது மட்டும் காரணமன்று. 1908 மார்ச்சில் சிதம்பரனார் கைதானார். அவ்வாண்டு ஜூலையில் இராஜதுரோகக் குற்றத்தின் பேரில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து அவர் வெளிவந்தது 1912இன் இறுதியில். கம்பெனியோ 1911இலேயே கலைக்கப்பட்டிருந்தது. கம்பெனிச் சட்டம் இருந்தது, பதிவு இருந்தது, பங்குதாரர் இருந்தனர். ஆள்பவனைக் கேட்கும் அரசியலமைப்பு மட்டும் இல்லை. ஒரு சிறகால் பறந்த பறவை எத்தனை தூரம் போகும்?

இதனோடு மற்றொரு நிகழ்ச்சியை ஒப்பிடுவோம். 1969இல் இந்திய அரசு 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கியது. ருஸ்தம் கவாஸ்ஜி கூப்பர் என்னும் பங்குதாரர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1970 பிப்ரவரியில் பதினொரு நீதிபதிகளுள் பதின்மர் அந்தச் சட்டம் செல்லாது என்றனர். அரசு இழப்பீட்டைத் திருத்தி மறுபடியும் சட்டம் இயற்றிற்று. வங்கிகள் நாட்டுடைமையாகவே நின்றன. நாட்டுடைமை நன்றா தீதா என்பது இங்கே நம் வழக்கன்று. ஒரு பங்குதாரர் ஓர் அரசைக் கூண்டில் நிறுத்தினார். எவரும் அவரைச் சிறையில் தள்ளவில்லை என்பதே நாம் காட்டுவது. 1908க்கும் 1970க்கும் இடையே வந்தது எது? 1950இன் அரசியலமைப்பு. வேற்று நாட்டான் தராததை நாமே நமக்கு எழுதிக்கொண்டோம். அதன் ஒவ்வோர் எழுத்தையும் காப்பது சிறுபான்மையினராகிய நமக்கு உரிமை மட்டுமன்று, வயிற்றுப் பிழைப்பும் ஆகும்.

சீனத்தைக் காட்டுவோர்க்கு

"அரசியலமைப்புக் கடிவாளம் இல்லாமலே சீனம் வளரவில்லையா?" என்று கேட்பவர் உண்டு. நேர்மையான கேள்வி, நேர்மையாகவே விடை சொல்வோம். 1978க்குப் பின் சீனம் வளர்ந்தது. கோடானுகோடி ஏழைகள் கரையேறினர். இதை மறுப்பது அறிவீனம். ஆயின் வளர வளர அந்நாடும் 1993இல் கம்பெனிச் சட்டம் இயற்றியது; 2004இல் தனியார் சொத்துக்குக் காப்பு உண்டென்று அரசியலமைப்பிலேயே எழுதியது. எழுத்தின்றி முடியாது என்று அதுவும் கண்டது. எழுதியதைக் கேட்கத் தனி நீதிமன்றம் இல்லாததன் விளைவையும் உலகம் கண்டது. 2020 நவம்பரில் ஆன்ட் குழுமம் பங்குச் சந்தைக்கு வர இரண்டே நாள் இருந்தபோது, அரசின் ஒரு சொல்லால் அது நின்றது. நல்ல அரசன் வாய்த்தால் குடிகள் தழைப்பர். அடுத்த அரசன் எப்படி இருப்பான் என்பதற்கு யார் பிணை? சட்டம் என்பதே அந்தப் பிணைதான்.

கம்பெனியும் ஒரு சிறு அரசே

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே இதுதான். 1980களில் எகிப்தில், வட்டியில்லா இலாபம் தருவோம் என்று முளைத்த முதலீட்டு நிறுவனங்களில் பாமர மக்கள் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டினர். மார்க்க அறிஞர் சிலரின் பெயர்களும் அதற்கு விளம்பரமாயின. 1988இல் அரசு சட்டமியற்றிக் கணக்குக் கேட்டதும் சீட்டுக்கட்டு மாளிகை சரிந்தது. முப்பது ஆண்டு கழித்து, 2019இல், பெங்களூரில் ஹலால் முதலீடு என்ற பெயரில் இயங்கிய ஒரு நிறுவனம் கவிழ்ந்தது. பல்லாயிரம் குடும்பங்கள், பெரும்பாலும் நம் குடும்பங்கள், மகள் திருமணத்துக்கு வைத்த நகையையும் ஹஜ்ஜுக்கு வைத்த காசையும் இழந்து வீதியில் நின்றன.

அங்கே பதிவு இல்லையா? இருந்தது. பதிவேட்டைப் படித்தவர்தாம் இல்லை. தாடியைப் பார்த்தனர், தணிக்கை அறிக்கையைப் பார்க்கவில்லை. 'ஹலால்' என்ற பலகையைப் பார்த்தனர். இலாபம் எந்தத் தொழிலிலிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. கேட்பது ஈமானுக்குக் குறைவு என்று அவர்களுக்குச் சொல்லி வைத்தவர் யார்? நாமே. மதரஸாவில் ஓதிய நாமே. ஆகவே இப்பழியில் நமக்கும் பங்குண்டு என்று ஒப்புகிறோம்.

கம்பெனி என்பது ஒரு சிறு அரசு. அதன் நடைமுறை விதிகளே அதன் அரசியலமைப்பு. இயக்குநரே ஆள்பவர். ஆண்டுப் பொதுக்கூட்டமே மஷூரா மன்றம். தணிக்கையாளரே முஹ்தஸிப். பெரிய அரசு எந்தக் காரணத்தால் கெடுமோ, அந்தக் காரணத்தாலேயே இந்தச் சிறு அரசும் கெடும்: கேட்பார் இல்லாமையால். வெள்ளிக்கிழமை மேடையில் நின்ற உமர் (ரலி) அவர்களை, எல்லார்க்கும் ஒரு துணி கிடைத்திருக்க உங்களுக்கு மட்டும் இரண்டு எப்படி வந்தது என்று ஒருவர் வினவியதும், மகனார் அப்துல்லாஹ் (ரலி) தம் பங்கைத் தந்தையார்க்கு ஈந்ததாகச் சாட்சி சொன்னதும் நாம் கேட்டு வளர்ந்த வரலாறு. கலீஃபாவைக் கேட்கலாம், நகைக்கடை முதலாளியைக் கேட்கக் கூடாதா?

கம்பெனி எல்லாம் ஹலால் என்று நாம் சொல்லவில்லை. மதுவும் சூதும் வட்டியும் தொழிலாகக் கொண்டது எப்பெயரில் நடந்தாலும் விலக்கே. ஆனால் 1992இல் ஜித்தாவில் கூடிய உலக ஃபிக்ஹுப் பேரவை, ஆகுமான தொழில் செய்யும் பங்குக் கம்பெனியை ஆகும் என்றே தீர்த்துள்ளது. சட்டமும் மலக்கு அன்று. மோசடி செய்வோன் சட்டத்தின் உள்ளேயும் செய்வான். 2009இல் வெளியான சத்யம் கம்பெனியின் பொய்க் கணக்கு அதற்குச் சான்று. அந்த அவமானத்துக்குப் பின் வந்ததே 2013இன் புதிய கம்பெனிச் சட்டம். தவறும்போது திருத்திக்கொள்ள வழி உள்ளதே சட்டத்தின் சிறப்பு. வாய்மொழி நம்பிக்கை தவறினால் மிஞ்சுவது பகையும் பத்துவாவும்தான்.

ஆகவே நாம் கேட்பது அதிகமில்லை. அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் கடையாயினும், பங்கு இன்னது என்று எழுதிப் பதிவு செய்யுங்கள். அப்போது இறந்தவரின் மகளுக்கு உரிய பங்கை மாமனும் மச்சானும் மறைக்க முடியாது. பதிவேட்டில் அவள் பெயரே பேசும். முதலீடு கேட்டு வருபவர் எந்த ஷைகின் முரீதாயினும், தணிக்கை செய்த கணக்கைக் காட்டும்வரை பணப்பையை அவிழ்க்காதீர்கள். ஜமாஅத்தின் கணக்கையும் வக்ஃபின் கணக்கையும் பள்ளிவாசல் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். கேட்டால் முத்தவல்லி கோபிப்பார் என்றால், கோபிப்பவரே முதலில் கேட்கப்படவேண்டியவர். மதரஸாக்களில் கிதாபுஷ் ஷிர்கத் பாடம் நடத்தும்போது, பக்கத்தில் நாட்டின் கம்பெனிச் சட்டத்தையும் வைத்து ஓதிக் கொடுக்கட்டும். ஃபத்வா எழுதும் கைக்கு ஐந்தொகைக் கணக்கைப் படிக்கவும் தெரியவேண்டும்.

மார்க்கத்தைப் பழிக்கும் இளைஞரே, உம் முன்னோர் எழுதியதைப் படியும். சட்டத்தைப் பழிக்கும் ஆலிம் பெருமக்களே, உங்கள் முன்னோர் எழுதச் சொன்னதை எழுதுங்கள். மரக்காயரின் கலங்கள் மூழ்கியது புயலால் மட்டுமன்று. கலம் உடையவர் மறைந்ததும் கூட்டு மறைந்ததாலும், ஆள்பவனைக் கேட்க ஆளில்லாததாலுமே. அந்த இரண்டு குறையும் இன்று நம் நாட்டில் சட்டத்தால் நீங்கியுள்ளன. நீங்கிய பின்னும் நாம் கரையிலேயே நின்றால், குற்றம் கடலுடையது அன்று.

எழுதவும் கேட்கவும் துணியும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக.